கட்டம் 4172ல தண்ணி இருக்குதா இல்லியா

காங்கயத்துக்கு கெழக்கால, எங்க தோட்டத்துல இருந்து நாலு தோட்டம் தள்ளி ஒரு எடத்துல நெலத்தடியில தண்ணி இருக்குதா இல்லியாங்கறதுல என்ற மேக் கம்ப்யூட்டரும் காலேஜ் சர்வரும் ஆளுக்கொரு பதில் சொல்லுச்சுங்க. ஊர கட்டம் கட்டமா பிரிச்சு நெலத்தடி தண்ணிய கணக்கு போடற ஒரே கோடு, ஒரே இன்புட் ஃபைலு, அந்த கோட மெஷினுக்கு புரியற மாதிரி மாத்தற கம்பைலரும் ரெண்டுலயும் ஜிஃபோர்ட்ரான்தான், வெர்ஷன் கூட ஒண்ணேதான், ரெண்டுலயும் ஓ2ங்கற வேகப்படுத்தற ஃப்ளாக் (கம்பைலருக்கு குடுக்கற உத்தரவு) போட்டுத்தான் பில்ட் பண்ணிருந்தேன். சர்வர்ல வந்த மேப்புல அந்த கட்டம் செவப்பு, அப்படின்னா காஞ்சு போச்சுன்னு அர்த்தம். மேக்குல நீலம். கட்டம் நம்பர் 4172. இந்த நம்பர நான் இனி மறக்க மாட்டேன்.

ஒரு கட்டம்தானேன்னு விட்டுற முடியலைங்க. எங்க கோடுல ஒரு கட்டம் காஞ்சுதுன்னா அத கணக்குல இருந்தே எடுத்துருவோம், அதுக்கப்புறம் பக்கத்து கட்டத்துக்கு அங்கிருந்து தண்ணி போகாது, அது கொஞ்சம் எறங்கும், அதுக்கு பக்கத்துல இருக்கறது இன்னும் கொஞ்சம் எறங்கும், இப்படியே 20 வருசத்துக்கு ஓட்டி பாத்தா ரெண்டு மேப்புக்கும் நடுவுல பதினோரு கட்டம் கலர் மாறியிருந்துச்சு. ஒரு கட்டம் 200 மீட்டருக்கு 200 மீட்டர், அதாவது நாலு ஹெக்டேர். பதினோரு கட்டம்னா 44 ஹெக்டேர், நம்ம கணக்குக்கு கிட்டத்தட்ட 109 ஏக்கர். நம்ம பக்கம் 109 ஏக்கருக்கு தண்ணி இருக்குதுன்னு சொல்றதும் இல்லைன்னு சொல்றதும் வெளையாட்டு இல்லீங்க. ஆயிரம் அடி போர் போட்டு புகை மட்டும் வந்த தோட்டம் எங்க ஊர்லயே எத்தனையோ இருக்குது, நகைய அடகு வெச்சு போட்ட போருங்க அதெல்லாம்.

கொஞ்சம் பின்னணி சொல்லிர்றேன். கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல நொய்யல் படுகைக்கு நெலத்தடி தண்ணி மாடல் பண்ற ப்ராஜெக்ட்ல வேல செய்யறேன். நொய்யல் வெள்ளியங்கிரி மலையில பொறந்து கோயமுத்தூர், திருப்பூர் தாண்டி கொடுமுடி கிட்ட காவேரில சேர்ற ஆறு. அடியில பூராவும் கெட்டிப் பாறை, மணல் படுகை மாதிரி தண்ணி பரவலா நிக்காது, மேல இருக்கற நைஞ்ச பாறையிலயும் கீழ வெடிப்புலயும்தான் நிக்கும். கணக்கு போடற கோடு எங்க சார் பல வருசமா எழுதி சேத்தது, மெயின் பகுதி ஃபோர்ட்ரான், ஃபைல் படிக்கறது சென்சார் டேட்டா வாங்கறது எல்லாம் சி. அத நாலு எடத்துல ஓட வெக்கறதுதான் என்ற சோலி. காலேஜ்ல இன்டெல் சிப் வெச்ச உபுண்டு சர்வர், பசங்க கையில விண்டோஸ் லேப்டாப், என்கிட்ட எம்1 மேக், அப்புறம் எங்க தோட்டத்து மோட்டார் ரூம்ல ராஸ்பெர்ரி பை 4ங்கற ஒரு சின்ன கம்ப்யூட்டர். அந்த பை கெணத்துல தொங்கற சென்சார்ல இருந்து மட்டத்த வாங்கி தெனமும் ராத்திரி சின்ன அளவுல மாடல ஓட்டி வெடியால ரிசல்ட்ட தாட்டி விடும்.

சரி, 4172க்கு வருவோம். மூணு நாள் தேடுனேன். முதல்ல இன்புட் ஃபைல்ல வரி முடிவு எழுத்து மாறிடுச்சோன்னு பாத்தேன், இல்ல. மெமரில ஏதாவது குப்ப எண் வருதோன்னு பாத்தேன், அதுவும் இல்ல. அப்புறம் ரெண்டு பக்கமும் ஓ0 போட்டு, அதாவது ஆப்டிமைசேஷனே இல்லாம பில்ட் பண்ணி ஓட்டுனா வித்தியாசம் காணாம போச்சுங்க. ரெண்டுலயும் செவப்பு. திருப்பி ஓ2 போட்டா மேக்குல மட்டும் நீலம். இதுல இருந்து கம்பைலர் ஏதோ பண்ணுதுன்னு தெரிஞ்சுச்சு, என்ன பண்ணுதுன்னு தெரியல.

வழி காட்டுனது அந்த பைதான். அதுலயும் அதே கட்டத்த ஓட்டி பாத்தேன், நீலம். பசங்க விண்டோஸ்ல ஓட்டுனா செவப்பு. ஆக மேக்கும் பையும் ஒரு பக்கம், சர்வரும் விண்டோஸும் இன்னொரு பக்கம். வெல பாத்தாலும் வேகம் பாத்தாலும் மேக்குக்கும் பைக்கும் ஒறவே கெடையாது, ரெண்டுக்கும் பொதுவா இருக்கற ஒரே விசயம் ஆர்ம் சிப்பு. அங்கதான் பொறி தட்டுச்சு.

64 பிட் ஆர்ம்ல பெருக்கி கூட்டறத ஒரே இன்ஸ்ட்ரக்ஷன்ல செய்யற எஃப்எம்ஏ அடிப்படையிலயே இருக்குது. ஜிசிசி குடும்பத்து கம்பைலருங்க (ஜிஃபோர்ட்ரானும் அதுல ஒண்ணு), நாம ஒண்ணும் சொல்லாம விட்டா, ஓ2ல பெருக்கலும் கூட்டலும் பக்கத்து பக்கத்துல இருந்தா சேத்து எஃப்எம்ஏவா மாத்திரும். இன்டெல் பக்கம் அந்த இன்ஸ்ட்ரக்ஷன் 2013ல வந்த ஹாஸ்வெல் சிப்புல இருந்துதான் இருக்குது, அதனால சாதாரணமா 64 பிட்டுக்கு பில்ட் பண்ணா கம்பைலர் அதத் தொடாது, பழைய சிப்புலயும் ஓடணுமே. ஆக நான் ஒரே ஃப்ளாக் குடுத்தேன்னு நெனச்சுட்டு இருந்தேன், ஆனா ஒரே ஃப்ளாக்குக்கு ரெண்டு சிப்புல ரெண்டு அர்த்தம்.

சேத்து செஞ்சா என்ன ஆகும்னு ஒரு கணக்கு காட்டறேன், இத நீங்களே போட்டு பாக்கலாம். 0.1ஐ பத்தால பெருக்கி ஒண்ண கழிங்க. நம்ம கணக்குக்கு ஜீரோ. ஆனா கம்ப்யூட்டருக்குள்ள 0.1 சுத்தமா 0.1 இல்ல, பைனரில அத முழுசா எழுத முடியாது, 0.1க்கு ஒரு துளி எச்சாவாத்தான் நிக்கும். பெருக்கல தனியா செஞ்சா வர்ற விடைய ஒரு தடவ ரவுண்ட் பண்ணி சரியா 1ன்னு வெக்குது, அப்புறம் 1ஐ கழிச்சா ஜீரோ. எஃப்எம்ஏல நடுவுல ரவுண்ட் பண்றதே கெடையாது, கடைசியில ஒரே ஒரு தடவதான். அதனால அந்த துளி அப்படியே தங்கி 0.0000000000000000555ன்னு வரும். எண்ண நேரா கோடுலயே எழுதி பாக்காதீங்க, கம்பைலர் தானே முன்னாடியே கணக்கு போட்டு வெச்சுரும், ஃபைல்ல இருந்து படிச்சு பாருங்க.

எங்க கோடுலயும் இதேதான். ஒரு எண்ண இன்னொண்ணால பெருக்கி அதுல இருந்து அடிப்பாறை மட்டத்த கழிக்கற ஒரு வரி, அடுத்த வரில விடை ஜீரோவ விட பெருசா இருந்தா தண்ணி இருக்குது, இல்லீனா காஞ்சுது. 4172ல சர்வருக்கு சரியா ஜீரோ வந்துச்சு, மேக்குக்கு பதினேழாவது தசமத்துல ஒரு துளி வந்துச்சு. அந்த துளிதான் 109 ஏக்கர்.

கண்டுபிடிச்ச அன்னைக்கு சனிக்கெழம. பொழுதோட கணபதில மாமா லேத் பட்டறைக்கு போயிருந்தேன், அம்மா குடுத்து விட்ட பலகாரத்த குடுக்கறதுக்கு. மாமா ஒரு பம்பு ஷாஃப்ட்ட சக்குல மாட்டி ஃபினிஷிங் ஓட்டிட்டு இருந்தாரு.

"என்றா மாப்ள, மூஞ்சியே செரியில்ல?"

"ஒண்ணுமில்லீங் மாமா, ஒரே கணக்கு ரெண்டு மெஷின்ல ரெண்டு விதமா வருதுங்க. ஒண்ணு நடுவுல ஒருக்கா ரவுண்ட் பண்ணிக்குது, இன்னொண்ணு கடைசியில மட்டும் பண்ணுது."

மெஷின நிறுத்திட்டு ஷாஃப்ட்ட காட்டுனாரு. "இந்தா பாரு, இத ஒரு பக்கம் கடைஞ்சு, கழட்டி, திருப்பி மாட்டி மறுபக்கம் கடைஞ்சா ரன்அவுட் வரும். எவ்வளவு கைதேர்ந்தவன் மாட்டுனாலும் வரும். ஒரே புடியில முடிச்சா வராது. உன்ற ரெண்டாவது மெஷினு ஒரே புடியில முடிக்குதாட்ட இருக்குது, அப்பறம் அதுல என்ன தப்பு?"

"தப்பு இல்லீங் மாமா, சொல்லப்போனா அதுதான் துல்லியம் எச்சா. ஆனா ரெண்டும் ஒண்ணா வரமாட்டீங்குதே."

"ட்ராயிங்ல டாலரன்ஸ் எவ்வளவு போட்டிருக்குது?"

எனக்கு பதில் தெரியலீங்க. டாலரன்ஸ்னு ஒண்ணு எங்க கோடுல எங்கயுமே இல்ல. பழைய அவுட்புட் ஃபைலையும் புது அவுட்புட் ஃபைலையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு ஒண்ணா இருந்தா பாஸ், இல்லீனா ஃபெயில், அவ்வளவுதான் எங்க டெஸ்ட்டு. மாமா சொன்னாரு, "டாலரன்ஸ் இல்லாத ட்ராயிங்க நான் உள்ளயே எடுக்க மாட்டேன். நாளைக்கு அவன் கேஜ வெச்சு பாத்துட்டு ரிஜெக்ட்டுன்னு சொன்னா நான் யார்கிட்ட போயி கேக்கறது?"

மறுநாள் ஞாயித்துக்கெழம தோட்டத்துக்கு போனேன். 4172ங்கற கட்டத்துக்குள்ள ஒரு பழைய கெணறு இருக்குது, தோட்டக்காரங்ககிட்ட கேட்டுட்டு டேப்ப விட்டு பாத்தேன். நாங்க கெணத்து மட்டம் அளக்கற டேப்புல சென்டிமீட்டர் கோடுதான் இருக்குது, நனைஞ்ச எடத்த பாத்து படிக்கோணும், ஒரு ஆளு படிச்சா ஒண்ணு, இன்னொரு ஆளு படிச்சா அரை சென்டிமீட்டர் முன்ன பின்ன வரும். அடிப்பாறை எங்க இருக்குதுங்கறதே அக்கம்பக்கம் போர் போட்டப்ப எழுதி வெச்ச கணக்கு, அதுல மீட்டர் கணக்குல தப்பு இருக்கலாம். இப்படிப்பட்ட டேட்டாவ வெச்சுட்டு பதினேழாவது தசமத்துல தண்ணி இருக்குதா இல்லியான்னு முடிவு பண்ணிட்டு இருந்திருக்கறோம். அந்த கெணத்து மேட்டுல உக்காந்து இத யோசிச்சப்ப நெசமாவே மனசு கனத்து போச்சுங்க.

திங்கக்கெழம சார்கிட்ட உக்காந்து பேசி ரெண்டு வேல செஞ்சோம். கட்டம் காயற வரம்ப ஜீரோவுல இருந்து ஒரு மில்லிமீட்டருக்கு மாத்துனோம், காஞ்ச கட்டம் திருப்பி ஈரமாகறதுக்கு அதவிட எச்சா ஒரு வரம்பு வெச்சோம், வாசப்படில நின்னுட்டு உள்ளயும் வெளியயும் போயிட்டு வந்துட்டு இருக்கக்கூடாதுன்னு. அப்புறம் டெஸ்ட்டு எல்லாத்துக்கும் டாலரன்ஸ் எழுதுனோம், மட்டத்துக்கு இவ்வளவு, மொத்த தண்ணி கணக்குக்கு இவ்வளவுன்னு தனித்தனியா. இதுக்கப்புறம் நாலு மெஷின்லயும் மேப்பு ஒண்ணா வந்துச்சு, எஃப்எம்ஏ இருந்தாலும் இல்லீனாலும்.

எஃப்பி-கான்ட்ராக்ட் ஆஃப்னு ஒரு ஃப்ளாக் இருக்குது, அத போட்டா பெருக்கலையும் கூட்டலையும் எஃப்எம்ஏவா சேக்கறத நிறுத்திரும். இத நிரந்தரமா போட்டுட்டா செரியா போச்சேன்னு பல பேரு கேட்டாங்க. என்ற கருத்து, வித்தியாசத்த தேடறப்ப போடுங்க, அதுக்கப்புறம் எடுத்துருங்க. அந்த ஃப்ளாக்க போட்டதும் ரெண்டு மெஷினும் ஒத்து வந்துச்சுன்னா பிரச்சன எங்கன்னு தெரிஞ்சு போச்சு, அதுதான் அதோட பலன். அத மறைக்கறதுக்கு பயன்படுத்துனா கோடுல இருக்கற ஓட்டை அப்படியே இருக்கும், வேகத்தையும் இழப்பீங்க. கிளாங்குங்கற இன்னொரு கம்பைலர்ல இதோட வழக்கமான மதிப்பே 14ம் வெர்ஷன்ல மாறிடுச்சு, அதுக்கு முன்னாடி சேக்காது, இப்ப ஒரே எக்ஸ்ப்ரஷனுக்குள்ள இருந்தா சேக்கும், ஜிசிசி அளவுக்கு வரி தாண்டி சேக்காது. ஆக கம்பைலர் அப்டேட் பண்ணாலே விடை மாறலாம், நீங்க ஒரு எழுத்த கூட மாத்தாம.

அந்த "யாரு எந்த பக்கம் சேர்றாங்க" பாக்கற வழி அதுக்கப்புறம் எனக்கு பழக்கமாயிடுச்சு. எந்த வித்தியாசம் வந்தாலும் முதல்ல கோட தொறக்கறது இல்ல, நாலு மெஷின்லயும் ஓட்டி யாரு யாரோட ஒத்துப் போறாங்கன்னு பாப்பேன். பை மட்டும் தனியா நின்னுச்சுன்னா சி பக்கம் கேருங்கற ஒரு பைட்டு டைப்ப போயி பாப்பேன், ஏன்னா ஆர்ம் லினக்ஸ்ல வெறும் கேர்னா நெகட்டிவ் வராது, இன்டெல்ல வரும், மேக்கு ஆர்மா இருந்தாலும் அதுல வரும். எங்க சென்சார் படிக்கற கோடு மைனஸ் ஒண்ண "ரீடிங் இல்ல"ன்னு அடையாளமா கேர்ல வெச்சிருந்துச்சு, பைல அது 255 ஆயிடுச்சு, கெணத்துல தண்ணி திடீர்னு எறங்குன மாதிரி காட்டுச்சு. விண்டோஸ் மட்டும் தனியா நின்னா லாங்குங்கற முழு எண் டைப்பு, அங்க 64 பிட்லயும் லாங்குக்கு நாலு பைட்டுதான், லினக்ஸ்லயும் மேக்லயும் எட்டு. 2147483647ஐ தாண்டற எந்த எண்ணும் அங்க சிக்கிக்கும், ரெண்டு ஜிபிக்கு மேல ஃபைல்ல நகர்றதுல இருந்து எல்லாம். லாங் டபுளுங்கற பெரிய தசம எண் டைப்புன்னா இன்னும் மோசம், லினக்ஸ் இன்டெல்ல 80 பிட்டு, பைல 128 பிட்டு அதுவும் சாஃப்ட்வேர்ல கணக்கு போடறதால ஊர்ந்துட்டு வரும், எம்1 மேக்குல சாதாரண 64 பிட்டு டபுளேதான். அத எங்க கோடுல இருந்து சுத்தமா தூக்கிட்டோம். ஒரே மெஷின்ல ரெண்டு தடவ ஓட்டுனாலே விடை மாறுதுன்னா அது கம்பைலரே இல்ல, ஓபன்எம்பில (ஒரு வேலைய பல த்ரெட்டா பிரிச்சு ஒரே நேரத்துல ஓட்டறது) த்ரெட்டுங்க கூட்டற வரிச மாறுது, தசம எண்கள கூட்டற வரிச மாறுனா கடைசி எலக்கம் மாறும். அதுக்கும் டாலரன்ஸ்தான்.

வேகத்துக்கு ஆசப்பட்டு வந்த வெனை ரெண்டு சொல்லோணும்.

ஒண்ணு மார்ச் நேட்டிவ்ங்கற ஃப்ளாக். பில்ட் பண்ற மெஷின்ல என்னென்ன இன்ஸ்ட்ரக்ஷன் இருக்குதோ எல்லாத்தையும் எடுத்துக்கோன்னு அர்த்தம். புது சர்வர்ல அத போட்டு பில்ட் பண்ணி பசங்ககிட்ட குடுத்துட்டேன். ராத்திரி பத்தரைக்கு ஒரு தம்பி போன் பண்ணான், "ஏனுங்ணா, லேப்ல ஓட்டுனா உடனே நின்னு போகுதுங்ணா, இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்னு மட்டும் வருதுங்ணா, நாளைக்கு ரிவியூ இருக்குதுங்ணா." சர்வர் சிப்புல ஏவிஎக்ஸ் 512ங்கற இன்ஸ்ட்ரக்ஷன் கூட்டம் இருந்துச்சு, லேப் மெஷின்ல இல்ல, அவ்வளவுதான் விசயம். அந்த தம்பி பயந்து போயி கோடுல தான் ஏதோ கெடுத்துட்டோம்னு சாயங்காலத்துல இருந்து தேடிட்டு இருந்திருக்கான், அத கேட்டு எனக்கு ரொம்ப சங்கடமா போச்சு. இப்ப நேட்டிவ் போடறதில்ல. எக்ஸ்86-64-வி3ன்னு ஒரு படி இருக்குது, ஜிசிசி 11ல இருந்தும் கிளாங் 12ல இருந்தும் புரியும், ஹாஸ்வெல் காலத்து வசதி வரைக்கும் எடுத்துக்கும், ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ எல்லாம் உண்டு. இன்னும் பழைய மெஷின் இருந்தா வி2. ஆனா ஒண்ணு, வி3 போட்டதும் இன்டெல் பக்கமும் எஃப்எம்ஏ வந்துரும், 4172 கத இங்கயும் தொடங்கும். நாங்க முன்னாடியே வரம்ப மாத்தியிருந்ததால தப்பிச்சோம்.

ரெண்டாவது ஓஃபாஸ்ட். ஓ3க்கு மேல ஒரு படி போலன்னு நெனச்சு நெறைய பேரு போடறாங்க, அதுக்குள்ள ஃபாஸ்ட்-மேத் ஒளிஞ்சிருக்குது. ஃபாஸ்ட்-மேத்னா, "இந்த கோடுல நேன் (எண்ணே இல்லாத மதிப்பு) வராது, இன்ஃபினிட்டி வராது, கூட்டற வரிசைய உன் இஷ்டத்துக்கு மாத்திக்கோ"ன்னு நாம கம்பைலருக்கு சத்தியம் பண்ணி குடுக்கற மாதிரி. எங்களுக்கு சென்சார்ல ரீடிங் வராத நேரத்துக்கு நேன் போட்டு வெக்கறதுதான் முறை, அந்த கேர் பிரச்சனைக்கு அப்புறம் மாத்துனது. சராசரி எடுக்கறதுக்கு முன்னாடி ஈஸ்நேன் வெச்சு ஒவ்வொண்ணா பாத்து தள்ளி விடுவோம். நாமதான் நேனே வராதுன்னு சத்தியம் பண்ணிட்டமே, கம்பைலர் அந்த செக்க முழுசா தூக்கி போட்டுருச்சு. எர்ரர் இல்ல, வார்னிங் இல்ல. ஒரு மாச சராசரி பூராவும் நேன் ஆயிடுச்சு. அதாவது கண்ணுக்கு தெரிஞ்சுச்சு, புண்ணியம். அடுத்த வரில ஒரு பெருசு சிறுசு பாக்கற கணக்கு இருந்து அது வழியா போயிருந்தா நேன் சத்தமில்லாம ஒரு எண்ணா மாறி உள்ள போயிருக்கும், அப்ப யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

இதுல இன்னொரு வேர் இருக்குதுங்க. ஜிசிசி 13க்கு முன்னாடி, ஃபாஸ்ட்-மேத் போட்டு ஒரு ஷேர்டு லைப்ரரிய (பல ப்ரோக்ராம் பொதுவா எடுத்துக்கற கோடு) லிங்க் பண்ணா, அத லோட் பண்ற ப்ரோக்ராம் பூராவுக்கும் ரொம்ப சின்ன எண்கள ஜீரோவாக்கற செட்டிங் ஆன் ஆயிரும். நீங்க உங்க கோட எவ்வளவு பத்திரமா பில்ட் பண்ணிருந்தாலும், பைத்தான்ல யாரோ எழுதுன ஒரு லைப்ரரிய இம்போர்ட் பண்ண ஒடனே உங்க கணக்கு மாறும். 13ல இருந்து ஷேர்டு லைப்ரரிக்கு அப்படி பண்றதில்ல. திருப்பூர்ல சாயப்பட்டறைல வேல செஞ்ச எங்க சித்தப்பா சொல்லுவாரு, ரெசிப்பி அதேதான், துணி அதேதான், தண்ணி மாறுனா ஷேடு மாறிரும், லாட்டே ரிட்டர்ன் வரும்னு. இந்த லைப்ரரி சமாச்சாரத்த படிச்சப்ப அவரு சொன்னதுதான் ஞாபகம் வந்துச்சு.

ஃபாஸ்ட்-மேத் எப்பவுமே கூடாதுன்னு சொல்ல மாட்டேன், படம் வரையற கோடுக்கு போட்டுக்கலாம். தண்ணி கணக்கு போடற கோடுக்கு நான் போட மாட்டேன்.

பழைய ஃபோர்ட்ரானுக்கு தனியா ஒரு பொறுமை வேணும். ஜிஃபோர்ட்ரான் 10, 2020ல வந்துச்சு, அதுல இருந்து ஒரே சப்ரொட்டீன (ஒரு வேலைக்குன்னு தனியா எழுதுன கோடு துண்டு) ஒரு எடத்துல ரியல், அதாவது தசம எண் குடுத்தும் இன்னொரு எடத்துல இன்டிஜர், அதாவது முழு எண் குடுத்தும் கூப்பிட்டா எர்ரர். அதுக்கு முன்னாடி வார்னிங் மட்டும்தான். சாரோட கோடு மொத்தமா நின்னு போச்சு, நூத்துக்கணக்குல எர்ரர். அலவ்-ஆர்க்யுமென்ட்-மிஸ்மேட்ச்னு ஃப்ளாக் போட்டா பழையபடி விட்டுரும், ஆனா அந்த ஃப்ளாக்க 9ம் வெர்ஷன்ல போட்டா "இப்படி ஒரு ஃப்ளாக்கே கெடையாது"ன்னு அது நின்னு போயிரும். அதனால ஃப்ளாக்க கண்ண மூடிட்டு எழுதாம பில்ட் பண்ண வெக்கற சிமேக்குங்கற டூல்ல கம்பைலர்கிட்ட "இது உனக்கு தெரியுமா"ன்னு கேட்டு தெரிஞ்சா மட்டும் சேக்கற மாதிரி வெக்கோணும். கொஞ்சம் கொஞ்சமா அந்த எர்ரருங்கள ஒவ்வொண்ணா திருத்துனோம், அதுல ரெண்டு எடம் நெசமான தப்பு, பல வருசமா உள்ளயே கெடந்திருக்குது.

அதே மாதிரி மதிப்பே குடுக்காம பயன்படுத்தற வேரியபிளுங்க. பழைய கம்பைலருங்கள்ல அது ஜீரோவா இருக்கும்னு நம்பி எழுதுனது. இனிட்-ரியல் ஈக்வல்ஸ் எஸ்நேன்னு ஒரு ஃப்ளாக்கும், எஃப்பிஇ-ட்ராப் ஈக்வல்ஸ் இன்வாலிட்னு ஒரு ஃப்ளாக்கும், டீபக் தகவலுக்கு ஜின்னு ஒண்ணும் சேத்து போட்டா இன்டெல் மெஷின்ல அந்த வேரியபிள தொட்ட எடத்துலயே ப்ரோக்ராம் நின்னு வரி நம்பர காட்டிரும். ஃபோர்ட்ரான் வெச்சிருக்கற யாரா இருந்தாலும் இத ஒரு தடவயாச்சும் போட்டு ஓட்டி பாருங்க, ஒரு மத்தியானம் செலவாகும், அவ்வளவுதான்.

சிமேக் பத்தி சுருக்கமா. பில்ட் டைப் குடுக்காம விட்டா அது எந்த ஆப்டிமைசேஷனும் போடாது, ஒரு பாப்பா ரெண்டு வாரம் அப்படியே ஓட்டிட்டு "நம்ம மாடல் ரொம்ப மெதுவுங்ணா"ன்னு சொல்லிட்டு இருந்துச்சு. ரிலீஸ்னு குடுத்தா ஓ3 போடும், கூடவே என்டீபக்னு ஒண்ண போட்டு சி பக்கம் இருக்கற அசர்ட் (இது உண்மைதானான்னு பாக்கற செக்) எல்லாத்தையும் எடுத்துரும். அசர்ட்டுக்குள்ள ஃபைல் படிக்கற வேலைய வெச்சிருந்தீங்கன்னா அதுவும் சேந்து போயிரும், வெக்காதீங்க. கம்பைலர மாத்துனா பழைய பில்ட் டைரக்டரிய அழிச்சுட்டு புதுசா தொடங்குங்க, முதல் தடவ பாத்தத அது கேஷ்ல புடிச்சு வெச்சுக்கும், சிஎஃப்ளாக்ஸ மாத்தி மாத்தி ஏத்துனாலும் கண்டுக்காது. மேக்குல ஜிசிசின்னு டைப் பண்ணா வர்றது கிளாங்தான், அதோட வர்றதுல ஓபன்எம்பி நேரா ஓடாது, நான் ஹோம்ப்ரூங்கற இன்ஸ்டால் பண்ற டூல் வழியா நெசமான ஜிசிசி போட்டு வெர்ஷன் நம்பரோட பேர குடுத்துத்தான் கூப்பிடறேன்.

போன மாசம் சார் ஒரு பழைய ப்ரிண்ட்அவுட் கட்ட எடுத்துட்டு வந்தாரு, 2003ல ஒரு 32 பிட் மெஷின்ல ஓட்டுனது, அட்டையெல்லாம் பழுப்பா போயிருந்துச்சு. "இதோட ஒத்து வருதான்னு பாருப்பா"ன்னு குடுத்தாரு. நாலு மெஷின்லயும் ஒத்து வரல, ஏழாவது எட்டாவது எலக்கத்துல மாறுச்சு. அந்த காலத்து 32 பிட் கணக்கு எக்ஸ்87ங்கற பழைய இன்டெல் தசம கணக்கு யூனிட்டுல 80 பிட் ரிஜிஸ்டர்ல நடக்கும், மெமரிக்கு எறங்கறப்ப 64க்கு சுருங்கும், எப்ப எறங்கும்ங்கறது கம்பைலர் கையில. ஜிசிசி பக் லிஸ்ட்ல 323ம் நம்பரா 2000லயே பதிவாகி வருசக்கணக்கா பேசப்பட்ட விசயம் இது. 32 பிட்டுக்கும் எக்ஸ்87க்கும் ஃப்ளாக் குடுத்து பில்ட் பண்ணி ஓட்டுனேன், ரொம்ப கிட்ட வந்துருச்சு, முழுசா இல்ல. அந்த ப்ரிண்ட்அவுட்ல எந்த கம்பைலர், என்ன ஃப்ளாக்குன்னு ஒரு வரி இருந்திருந்தா முழுசா வந்திருக்கும். சாருக்கும் ஞாபகம் இல்ல. ரெண்டு பேரும் அந்த கட்ட பாத்துட்டே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தோம்.

அதுக்கு அப்புறம்தான் இத சேத்தேன். ஃபோர்ட்ரான் 2008ல கம்பைலர் வெர்ஷன், கம்பைலர் ஆப்ஷன்ஸ்னு ரெண்டு ஃபங்ஷன் இருக்குது, ஐஎஸ்ஓ ஃபோர்ட்ரான் என்வ்ங்கற மாட்யூல்ல வரும், கூப்பிட்டா எந்த கம்பைலர் எந்த ஃப்ளாக்ல தன்னைய பில்ட் பண்ணுச்சுன்னு ப்ரோக்ராமே சொல்லும். அத எங்க அவுட்புட் ஃபைல் ஒவ்வொண்ணுலயும் தலைப்புல எழுதிர்றோம், கூடவே கிட் கமிட் நம்பர் (கோடோட எந்த பதிப்புன்னு சொல்றது), மெஷின் பேரு, த்ரெட் எத்தன. மொத்தம் அஞ்சு வரி. மேப்ப ப்ரிண்ட் எடுத்தாலும் கீழ ஓரமா சின்ன எழுத்துல அந்த அஞ்சு வரியும் வரும். ஊர்ல யாரோ தோட்டக்காரரு அந்த மேப்ப பாத்துட்டு போர் போடலாமான்னு கேக்க வர்றப்ப, அது எப்படி வந்துச்சுன்னு என்னால திருப்பி போட்டு காட்ட முடியோணும்.

இன்னைக்கு வெடியால பை தாட்டி விட்ட ஃபைல தொறந்து பாத்தேன், அஞ்சு வரியும் இருக்குது, 4172 காஞ்ச கட்டம்னு போட்டிருக்குது, சர்வரும் அதேதான் சொல்லுது. விண்டோஸ்ல இன்டெல்லோட புது ஃபோர்ட்ரான் கம்பைலர்ல பில்ட் பண்ற வேல பாக்கி, அது ஃப்ளாக் எதுவும் குடுக்கலைன்னா கணக்க கொஞ்சம் தளர்வாத்தான் எடுத்துக்கும், எஃப்பி மாடல் ப்ரிசைஸ்னு குடுத்து தொடங்கியிருக்கேன். மொத்தம் 41 டெஸ்ட்டுல மூணு இன்னும் டாலரன்ஸுக்கு வெளிய நிக்குது, மூணுமே ஒரே சப்ரொட்டீனு. நாளைக்கு அதத்தான் பாக்கோணும்.